ஆறும் புண்ணும் அழியும் சாட்சியும்

பலேர்மோ துறைமுகம் நம்மவர்க்கு அந்நியமான இடமல்ல. 1980களிலிருந்து ஈழத்தமிழர் இந்நகரில் வாழ்ந்து வருகிறார்கள். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, உணவகச் சமையற்கட்டு என்று நகரத்தின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பில் அவர்களுக்கும் பங்குண்டு. சைவர்களாயிருந்தும் பெல்லெக்ரினோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவை வணங்கிவரும் அவர்களைப் பற்றி இத்தாலியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரை அந்த வாழ்வைப் பற்றியதல்ல. நமக்குப் பின்னால் அதே துறைமுகத்தில் வந்திறங்கிய வேறு அகதிகளின் தோலைப் பற்றியது. அந்தத் தோலை ஆற்றுவதற்குச் சோதிக்கப்பட்டு வரும் புதிய முறைகளைப் பற்றியது. இறுதியில் அது நமது தோலுக்கும் வந்து சேரும்.

2015 ஓகஸ்ட் 5இல் லிபியக் கரைக்கப்பால் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. அயர்லாந்துக் கடற்படையின் 'நீவ்' என்ற கப்பல் மறுநாள் 367 பேரை உயிருடனும் 25 பேரைப் பிணமாகவும் பலேர்மோவில் இறக்கியது. அக்காலத்தில் இப்படி வந்த கப்பல்கள் பல. மீட்புக் கப்பல்களிலும் சிசிலித் துறைமுகங்களிலும் வேலைசெய்த வைத்தியர்கள் இந்தப் பயணிகளிடம் ஒரு குறிப்பிட்ட காயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். லம்பெடூசாத் தீவில் பல ஆண்டுகள் வைத்தியராயிருந்த பியெத்ரோ பார்த்தோலோ இதனை 'இறப்பர் படகு நோய்' என்று அழைத்தார்.

இறப்பர் படகின் இருபக்கக் குழாய்களிலும் ஆண்கள் கால்களைத் தொங்கவிட்டபடி அமர்வார்கள். பெண்களும் குழந்தைகளும் பாதுகாப்பென்று கருதி நடுவில், படகின் தரையில் அமர்த்தப்படுவார்கள். பெற்றோல் கலன்கள் இருப்பதும் அங்கேதான். நிரப்பும்போதும் அலையில் ஆடும்போதும் சிந்தும் பெற்றோல், உள்ளே புகுந்த கடல்நீருடன் கலந்து அவர்களது உடைகளில் ஊறுகிறது. முதலில் பெரிய வலி தெரிவதில்லை. ஆறு, எட்டு மணித்தியாலங்கள் கழிந்து உடையைக் களையும்போது தொடையிலும் பிட்டத்திலும் தோல் கூடவே கழன்று வருகிறது. நெருப்பில்லாமலே எரிந்த தோல் அது. படகில் யார் எங்கே இருப்பது என்ற ஏற்பாட்டில் ஆண்-பெண் வேறுபாடு எப்படிச் செயற்பட்டதோ, காயமும் அப்படியே பங்கிடப்பட்டது. இதனை வைத்தியம் சார்ந்த விபரமாக மட்டும் வாசித்துவிட்டுக் கடந்துபோக முடியாது.

தோல் செய்யும் வேலை

பெற்றோல் ஏன் இப்படிச் செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் தோல் ஒட்டுதலின் அடிப்படையும் விளங்கும். நமது தோலில் முக்கியமாக இரண்டு படைகள். வெளியே மேற்றோல், அதன்கீழ் உட்டோல். மேற்றோலின் மேற்பகுதி இறந்த கலங்களால் ஆனது. அவை சுவரில் அடுக்கிய செங்கற்கள் போலவும், அவற்றிடையே உள்ள கொழுப்பு சாந்து போலவும் அமைந்துள்ளன. உடலின் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமி உள்ளே வராமலும் காப்பது இச்சுவரே. பெற்றோல் கொழுப்பைக் கரைப்பது. சாந்து கரைந்தால் சுவர் சரியும். ஈர உடைக்குள் அது மணிக்கணக்காகத் தங்கினால், கீழேயுள்ள உயிர்க்கலங்களும் அழியும்.

மேற்றோல் மாத்திரம் போனால் அது தானாகவே மீண்டும் வளரும். உட்டோலில் புதைந்துள்ள மயிர்க்கால்களினதும் வியர்வைச் சுரப்பிகளினதும் சுவர்களில் மேற்றோலின் மூலகலங்கள் ஒளிந்திருக்கின்றன. அவை மேலேறி வந்து இடைவெளியை மூடுகின்றன. உட்டோலும் முழு ஆழத்துக்கு அழிந்துவிட்டால் இந்த விதைகளும் இல்லாமற்போகின்றன. பின்னர் புண் விளிம்பிலிருந்து மாத்திரமே மூடவேண்டும். சிறிய புண் என்றால் அது நடக்கும். உள்ளங்கையளவுக்கு மேற்பட்டது என்றால் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். அல்லது சுருங்கி, மூட்டை மடக்கி, உறுப்பை முடமாக்கி மூடும். இங்கேதான் ஒட்டு தேவைப்படுகிறது.

வழமையான ஒட்டு இதுதான்: நோயாளியின் தொடை போன்ற நல்ல பகுதியிலிருந்து, ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு கனமுள்ள தோலைச் சீவி எடுப்பார்கள். மேற்றோல் முழுவதும் உட்டோலின் ஒரு பகுதியும் அதில் இருக்கும். சீவிய இடத்தில் உட்டோலின் மிகுதி உள்ளபடியால் அது இரண்டு கிழமையளவில் தானாக ஆறும். எடுத்த தோலைப் புண்ணின்மீது வைத்தால் முதல் இரண்டு நாட்கள் அது புண்ணிலிருந்து ஊறும் திரவத்தை உறிஞ்சியே உயிர்வாழ்கிறது. மூன்றாம் நாளளவில் கீழேயுள்ள நுண்குழாய்கள் ஒட்டிலுள்ள குழாய்களோடு பொருந்தத் தொடங்குகின்றன. ஒரு கிழமையில் இரத்தவோட்டம் நிலைபெறுகிறது. இதையே ஒட்டு 'பிடித்தது' என்கிறோம். கீழே இரத்தம் கட்டினாலோ, கிருமி தொற்றினாலோ, ஒட்டு அசைந்தாலோ பிடிக்காது. பிட்டத்தில் ஒட்டு வைக்கப்பட்ட ஒரு பெண் ஐந்தாறு நாட்கள் குப்புறப் படுத்திருக்கவேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அகதி முகாமின் இரும்புக் கட்டிலில் இது நடக்கிற காரியமல்ல.

மூக்கிலிருந்து தோலுக்கு

தோல் ஒட்டு என்றதும் நம்மவரிற் சிலர் 'சுஸ்ருதர் அன்றே செய்துவிட்டார்' என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதுண்டு. பேச்சில் பாதி உண்மை. சுஸ்ருத சம்ஹிதை விபரிப்பது 'மடல்' முறையை: தோலின் ஒரு முனையை உடலோடு இணைந்தபடியே விட்டு, மறுமுனையைத் திருப்பித் தைப்பது. அதன் இரத்தவோட்டம் அறுபடுவதேயில்லை. முற்றாக வெட்டியெடுத்து வேறிடத்தில் வைப்பதே ஒட்டு. இரண்டும் வேறுவேறு பிரச்சினைகள்.

மடல் முறைக்குச் சிசிலியிலும் ஒரு வரலாறு உண்டு. 15ஆம் நூற்றாண்டில் கத்தானியா நகரில் பிராங்கா குடும்பத்துத் தந்தையும் மகனும் அறுபட்ட மூக்கை மீளமைத்தார்கள். தந்தை முகத்துத் தோலைப் பயன்படுத்தினார். மகன் கைத்தோலைப் பயன்படுத்தினார். 1597இல் பொலோஞாப் பேராசிரியர் தாலியாகோத்சி கை முறையை நூலாக எழுதினார். இந்திய அறிவு அரபுக்கள் வழியாகச் சிசிலிக்கு வந்தது என்ற கதை கவர்ச்சியானது. அதை நிறுவும் ஆவணம் இல்லை. ஆவணம் உள்ள சம்பவம் பின்னையது. திப்பு சுல்தானின் ஆட்களால் மூக்கறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் பூனா அருகே நெற்றித் தோலிலிருந்து மூக்கு அமைக்கப்பட்டதை 1794இல் இலண்டன் 'ஜென்ரில்மன்ஸ் மகசீன்' வெளியிட்டது. அதைச் செய்தவர் செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்தவர் என்று அக்கடிதம் கூறுகிறது. பெருமை பேசுபவர்கள் சுஸ்ருதரின் பெயரைச் சொல்வார்கள். சம்ஹிதையைத் தீண்ட அனுமதிக்கப்பட்டிராத அந்த மனிதரைச் சொல்வதில்லை. அறிவு கைகளில் தங்கியிருந்தது, ஏட்டில் அல்ல.

ஒட்டை முதலில் முறையாகச் சோதித்தவர் மிலான் நகரத்து ஜுசெப்பே பரோனியோ. 1804இல் அவர் ஒரு செம்மறியின் முதுகில் இருபக்கமும் தோற்துண்டுகளை வெட்டி இடம்மாற்றினார். ஒரு சோடியை உடனடியாகவும், அடுத்ததைப் 18 நிமிடங்கள் கழித்தும், மூன்றாவதை ஒரு மணித்தியாலம் கழித்தும் வைத்துப் பார்த்தார். ஒன்றைத் தவிர மற்றவை மாறாமலிருக்க, அந்த ஒன்றை மாற்றிப் பார்ப்பதே சோதனை. இன்றைய பரீட்சார்த்தங்கள் எல்லாவற்றின் எலும்புக்கூடும் அந்த ஆட்டின் முதுகில் இருக்கிறது. மனிதரில் 1869இல் பாரிஸில் றெவெர்தன் சிறுசிறு தோற்பொட்டுக்களைப் புண்ணில் வைத்து ஆற்றிக் காட்டினார்.

பிறர் தோல் ஏன் பிடிப்பதில்லை

நோயாளியின் உடலில் நல்ல தோல் போதியளவு இல்லாவிட்டால் என்ன செய்வது? சகோதரனின் தோலைக் கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். 1943இல் கிளாஸ்கோவில் கிப்சன் என்ற சத்திரசிகிச்சையாளரும் மெடாவர் என்ற விலங்கியலாளரும் எரிகாயமுற்ற ஓர் இளம்பெண்ணுக்கு அவளது சொந்தத் தோற்பொட்டுக்களையும் சகோதரனின் பொட்டுக்களையும் அருகருகே வைத்தார்கள். சொந்தத் தோல் வளர்ந்தது. சகோதரனின் தோல் முதலில் பிடித்து, பின் அழிந்தது. சகோதரனிடமிருந்து இரண்டாந்தடவை வைத்ததோ இன்னும் வேகமாக அழிந்தது. உடல் அந்நியனை ஞாபகம் வைத்திருக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. நிர்ப்பீடன இயலின் பெரும்பகுதி இந்தக் கட்டிலருகில் பிறந்தது. 1960இல் மெடாவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே இறந்தவர்களிடமிருந்து பெற்று வங்கிகளில் சேமிக்கும் தோல், புண்ணைச் சில கிழமைகளுக்கு மூடிவைக்கும் ஏற்பாடு மாத்திரமே. ஆனால் அச்சில கிழமைகளே உயிரைக் காப்பாற்றப் போதுமாக இருக்கலாம். மும்பாய் சியோன் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டு இத்தகைய வங்கி தொடங்கியது. கண்தானம் செய்யும் நம் சமூகங்கள் தோல்தானம் என்றால் இன்னமும் கூசுவதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

புதிய முறைகள் எவை

இன்று 'புதிய தோல்' என்று பத்திரிகைகள் எழுதுபவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதலாவது, மூடிகள். இவை வளர்வதில்லை, புண்ணைக் காத்து, அது தானாக ஆற இடங்கொடுப்பன. மும்பாயில் வைத்தியர் கேஸ்வானி 1980களில் அவித்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டுத்துணியில் ஒட்டிப் பயன்படுத்தினார். மலிவு, ஈரத்தைக் காக்கும், கழற்றும்போது புண்ணைப் பிய்க்காது. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடும் விஞ்ஞானத்திலிருந்து நகர்ந்து, விலங்குப் புரதமான கொலாஜனில் புண் மூடிகளை உருவாக்கியது. பிரேசிலின் போர்த்தலேசா நகரில் 2010களின் நடுப்பகுதியிலிருந்து திலாப்பியா மீனின் தோலைக் கிருமிநீக்கி எரிகாயத்தில் ஒட்டிச் சோதித்து வருகிறார்கள். தினமும் கட்டு மாற்றவேண்டியதில்லை என்பதே நோயாளிக்குப் பெரிய ஆறுதல். பலேர்மோச் சந்தையில் கழிவாகப் போகும் பொருளுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு.

இரண்டாவது, சாரங்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, அழிந்த உட்டோலின் இடத்தில் ஒரு வலையை வைத்தால் நோயாளியின் சொந்தக் கலங்கள் அதனுள் புகுந்து புதிய உட்டோலை அமைக்கும். பொஸ்ரனில் பேர்க்கும் யானஸும் மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்புப் பொருளையும் கொண்டு செய்த சாரத்தை 1981இல் அறிவித்தார்கள். ஐஸ்லாந்தில் கொட் மீனின் தோலிலிருந்து கலங்களை நீக்கிச் செய்யும் சாரம் 2013இல் அமெரிக்க அனுமதி பெற்றது. சாரம் வைத்தபின்னும் மேலே மெல்லிய மேற்றோல் ஒட்டு பெரும்பாலும் தேவைப்படும்.

மூன்றாவது, உயிருள்ள சொந்தக் கலங்கள். 1975இல் ரைன்வால்ட், கிறீன் ஆகிய இருவரும் மனித மேற்றோற் கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கும் வழியைக் கண்டார்கள். முத்திரையளவு தோலிலிருந்து மூன்று நான்கு கிழமைகளில் உடலை மூடுமளவு தாள்கள் கிடைக்கும். ஆனால் உட்டோல் இல்லாத அத்தாள்கள் மெல்லியவை, எளிதில் கொப்புளிப்பவை, விலையோ அதிகம். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பியோனா வூட் என்ற சத்திரசிகிச்சையாளர் வேறுவழி சென்றார்: சிறு துண்டுத் தோலின் கலங்களைப் பிரித்தெடுத்து, வளர்க்காமல் அப்படியே புண்ணில் தெளிப்பது. 2002 பாலிக் குண்டுவெடிப்பில் காயமடைந்த 28 பேர் அவரது வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டபோது இம்முறை உலகப்புகழ் பெற்றது. சூரிச் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த ஒரு குழு மேற்றோல், உட்டோல் இரண்டும் சேர்ந்த ஒட்டை நோயாளியின் கலங்களிலிருந்து வளர்த்துப் பரீட்சித்து வருகிறது.

எப்படிச் சோதிக்கிறார்கள்

பாலிச் சம்பவம் புகழைத் தந்தது, நிரூபணத்தைத் தரவில்லை. நெருக்கடியில் எல்லாச் சிகிச்சையும் ஒன்றாக நடக்கும்போது எது ஆற்றியது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவரது எரிகாயமும் ஆழத்திலும் இடத்திலும் வேறுபடும். ஒருவர் இளைஞர், மற்றவர் நீரிழிவு நோயாளி. இந்தச் சிக்கலுக்கு எரிகாய வைத்தியர்கள் கண்ட தீர்வு பரோனியோவின் ஆட்டை ஒத்தது. ஒரே நோயாளியின் உடலில் ஒத்த இரண்டு புண்களைத் தெரிந்து, எதற்குப் பழைய முறை, எதற்குப் புதிய முறை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது. வயது, நோய், உணவு எல்லாம் இருபக்கத்துக்கும் ஒன்றே. தெளிக்கும் முறை அமெரிக்காவில் இவ்வாறு பரீட்சிக்கப்பட்டது. அதிக ஆழமற்ற காயங்களில், ஆறும் வேகம் குறையாமல், எடுக்கவேண்டிய நல்ல தோலின் அளவு 97 வீதத்துக்கு மேல் குறைந்தது. முழு ஆழக் காயங்களில் வழமையான ஒட்டோடு சேர்த்துப் பயன்படுத்தியபோது குறைந்தது மூன்றிலொரு பங்களவே. 2018இல் அங்கு அனுமதி கிடைத்தது. 97 என்பது விளம்பரத்தில் வரும். மூன்றிலொரு பங்கு என்பது பெரும் எரிகாயக்காரருக்கு உரிய இலக்கம். இரண்டையும் பிரித்து வாசிக்கப் பழகுவது நமது கடமை.

எதை அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். எத்தனை வீதம் ஒட்டு பிடித்தது, எத்தனை நாளில் புண் மூடியது என்பவை அளப்பதற்கு இலகு. ஓராண்டின் பின் தழும்பு எவ்வளவு இறுகியது, கை மடங்குகிறதா, இரவில் அரிக்கிறதா என்பவை அளப்பதற்குச் சிரமம். ஆனால் நோயாளி வாழ்வது அவற்றோடுதான். நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கறுத்த, மாநிறத் தோல்களில் தழும்பு தடித்து வளரும் போக்கு கூடுதல். நிறக்கலங்கள் திரும்பாவிட்டால் வெள்ளைத் திட்டாகவே நிற்கும். வெளிறிய தோலுள்ளவர்களில் மாத்திரம் ஒரு முறையைச் சோதித்து 'தழும்பு தெரியவில்லை' என்று எழுதினால், அம்முடிவு நமது முகத்துக்குப் பொருந்துமா? ஆகவே 'எங்களைச் சோதனை எலிகளாக்காதே' என்ற கோபம் நியாயமானதாயிருந்தும் முழுமையானதல்ல. சோதிக்கப்படாத உடலுக்குச் சோதிக்கப்படாத மருந்தே கிடைக்கும்.

யாருடைய உடலில்

2015இல் ஜேர்மனியின் போஹும் நகர எரிகாய வைத்தியசாலைக்கு ஏழு வயதுச் சிரிய அகதிச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். அவனுக்கிருந்தது பரம்பரை நோய். மேற்றோலை உட்டோலோடு பிணைக்கும் புரதத்தைத் தரும் ஜீன் பழுதடைந்திருந்தது. தொட்ட இடமெல்லாம் தோல் கழன்று, உடலின் பெரும்பகுதி திறந்த புண்ணாயிருந்தது. தந்தையின் தோலை வைத்துப் பார்த்தார்கள். மெடாவர் சொன்னதே நடந்தது. இறுதியில் இத்தாலியின் மொடெனா நகரில் மிக்கேலே தெ லூக்கா, கிராத்சியெல்லா பெல்லெக்ரீனி ஆகியோரின் ஆய்வுகூடத்துக்கு நான்கு சதுர சென்ரிமீற்றர் தோல் அனுப்பப்பட்டது. அங்கே கலங்களுக்குள் சரியான ஜீனைச் செலுத்தி, ஒரு சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவான தாள்களாக வளர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். 2015 ஒக்ரோபருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் அவனது உடற்பரப்பில் ஏறத்தாழ 80 வீதம் புதிதாக மூடப்பட்டது. 2017இல் 'நேச்சர்' சஞ்சிகை இதை வெளியிட்டது. ஐந்தாண்டுகளின் பின்னும் தோல் நிலைத்திருப்பதாக 2021இல் அறிவித்தார்கள்.

இது பரீட்சார்த்தம் அல்ல. வேறு வழியில்லாத ஒருவருக்குச் சோதனை நிலையிலுள்ள சிகிச்சையைக் கருணை அடிப்படையில் அனுமதிக்கும் ஏற்பாடு. ஒப்பிடுவதற்கு மறுபக்கம் இல்லை, நோயாளி ஒருவரே. விஞ்ஞானம் நிறையக் கற்றது, சிறுவன் உயிர்பிழைத்தான். இதை நாம் கொண்டாடலாம். ஆனால் அவனுக்கு ஒரு கட்டிலும், வதிவிடமும், அவனைத் தொடர்ந்து பார்த்த ஒரு வைத்தியர் குழுவும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பலேர்மோத் துறைமுகத்தில் இறங்கிய பெண்ணை எண்ணிப் பாருங்கள். பலேர்மோவின் சிவிக்கோ வைத்தியசாலையில் எரிகாயப் பிரிவு உண்டு. மத்தியதரைக்கடல் நாடுகளின் எரிகாய வைத்தியர்களை ஒன்றிணைத்த அமைப்பும் அதன் சஞ்சிகையும் 1980களில் மிக்கேலே மசெல்லிஸ் என்ற பேராசிரியரின் முயற்சியால் இந்நகரிலிருந்தே இயங்கத் தொடங்கின. சட்டமும் அவளுக்குச் சாதகமே. இத்தாலிய அரசியலமைப்பின் 32ஆம் உறுப்புரை நலவாழ்வைத் தனிமனிதரின் அடிப்படை உரிமை என்கிறது; வறியவர்க்கு இலவச சிகிச்சையை உறுதிசெய்கிறது. 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத் தொகுப்பின் 35ஆம் பிரிவு விசா இல்லாதவர்க்கும் அவசியமான சிகிச்சையைத் தருவதோடு, வைத்தியசாலை அவர்களைப் பொலிசுக்கு அறிவிப்பதையும் தடுக்கிறது. 2009இல் இத்தடையை நீக்க முயன்றபோது 'நாங்கள் ஒற்றர்களல்ல' என்று வைத்தியர்களும் தாதிகளும் எதிர்த்தார்கள்; முயற்சி கைவிடப்பட்டது.

குறைவது சட்டமல்ல, காலம். ஒட்டுக்குக் கிழமைகள் வேண்டும். தழும்பைக் கவனிக்க ஓராண்டு வேண்டும். இறங்கிய அகதியை விரலடையாளம் எடுத்து வடக்கே எங்கோ ஒரு முகாமுக்கு அனுப்புவது அதைவிட விரைவாக நடக்கிறது. நிலையான விலாசம் இல்லாதவரை எந்தப் பரீட்சார்த்தமும் விரும்பிச் சேர்ப்பதில்லை. அவர் ஆறாம் மாதம் வரமாட்டார் என்று தெரியும். இவ்வாறு பெற்றோல்-கடல்நீர்க் காயம் என்ற இந்த நூற்றாண்டின் காயத்துக்கு எந்த மூடி, எந்த ஒட்டு சிறந்தது என்ற கேள்வி, அதைச் சுமப்பவர்கள் அலைந்துகொண்டிருப்பதாலேயே விடை காண்பதற்குக் கடினமாகிறது. விலாசமின்மை ஒரு நோய்க்காரணி.

சம்மதம் என்ற சொல்லையும் இங்கே நிறுத்தி வைத்துப் பார்க்கவேண்டும். 1947இல் நூரம்பேர்க் நீதிமன்றம் நாசி வைத்தியர்களுக்குத் தீர்ப்பளித்தபோது, சோதனைக்குட்படுபவரின் சுயவிருப்பச் சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்றது. படகிலிருந்து இறங்கியவருக்கு வெள்ளை அங்கி அணிந்தவர் நீட்டும் எந்தக் கடதாசியும் அகதி விண்ணப்பத்தின் ஒரு பகுதியாகவே தெரியும். கையெழுத்திட மறுத்தால் திருப்பியனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இடும் கையெழுத்து சம்மதமாகாது. நம்மில் எத்தனையோ பிள்ளைகள் பத்து வயதில் தாய்க்கு வைத்தியசாலையில் மொழிபெயர்த்தவர்கள். தாயின் உடலைப் பற்றிய சோதனைக்குப் பிள்ளை மொழிபெயர்ப்பது சம்மதத்தை இருவரிடமிருந்தும் பறிப்பதாகும்.

தழும்பு என்ற ஆவணம்

இனி நம்மை நேரடியாகத் தொடும் விடயம். அகதிக்குத் தோல் உடலை மூடும் உறுப்பு மட்டுமல்ல, அவர் கொண்டுவந்த ஒரே ஆவணமாகவும் இருக்கலாம். சித்திரவதையை எப்படி ஆராய்ந்து பதிவுசெய்வது என்பதற்கு 1999இல் ஐ.நா.வுக்குக் கையளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, தழும்பின் இடம், வடிவம், விளிம்பு, நிறம் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்கிறது. பிரித்தானியாவில் கே.வி. என்ற எழுத்துக்களால் மாத்திரம் அறியப்பட்ட ஓர் ஈழத்தமிழரின் வழக்கு நினைவிருக்கலாம். சூடான இரும்புக் கம்பிகளால் சுடப்பட்ட தழும்புகள் அவரது கைகளிலும் முதுகிலும் இருந்தன. அவர் தானே விரும்பி இன்னொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் சந்தேகித்தது. முதுகுத் தழும்புகளின் விளிம்புகள் தெளிவாக இருந்தமையே சந்தேகத்துக்குக் காரணமாக்கப்பட்டது. 2019 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒதுக்கி, வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது.

ஒரு விளிம்பின் கூர்மை ஒரு மனிதரின் வதிவிடத்தைத் தீர்மானிக்கிறது. ஒட்டு வைப்பதற்கு முன் சத்திரசிகிச்சையாளர் செய்யும் முதல் வேலையோ அந்த விளிம்பை வெட்டி நீக்குவது. புண்ணைச் சுத்தமாக்காமல் ஒட்டு பிடிக்காது. ஆற்றும் கத்தியே சாட்சியையும் அழிக்கிறது. 2015 ஏப்ரலில் லிபியாவில் தடுத்துவைக்கப்பட்டிருந்த இடத்தில் எரிவாயு வெடித்துக் காயமடைந்த அகதிகள், நாட்கணக்கில் சிகிச்சையின்றி வைக்கப்பட்டு, அப்படியே படகிலேற்றப்பட்டு லம்பெடூசா வந்து, சிசிலிய வைத்தியசாலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களது புண்கள் மருத்துவப் பிரச்சினையாகவும் குற்றத்தின் தடயமாகவும் ஒரே நேரத்தில் இருந்தன.

ஆகவே புண்ணை ஆற்றாமல் வைத்திருக்கவேண்டுமா? கூடாது. சாட்சிக்காக உடலை அழுகவிடக் கேட்கும் உரிமை எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை, எந்த இயக்கத்துக்கும் இல்லை. வேண்டியது எளிய ஒழுங்கு: கத்தி வைக்குமுன் அளவுகோலுடன் புகைப்படம், வரைபடம், நோயாளியின் சொற்களில் காரணம், அவற்றின் பிரதி நோயாளியின் கையில். இவற்றுக்கு அரைமணித்தியாலமே செல்லும். புதிய ஒட்டு முறைகளைச் சோதிப்பவர்கள் எப்படியும் முதல்நாள் படமெடுக்கிறார்கள். அந்தப் படம் ஆய்வாளருக்கு மாத்திரமன்றி உடலுக்குரியவருக்கும் சொந்தம் என்று எழுதிவைத்தாற் போதும்.

நாம் செய்யக்கூடியது

பெரிய விடயங்களோடு சிறியதையும் சொல்லவேண்டும். ஐரோப்பியச் சமையற்கட்டுகளில் கொதியெண்ணெயோடு நிற்பவர்கள் நம்மவர்கள். எரிந்தவுடன் குழாயின் குளிர்ந்த ஓடுநீரில் இருபது நிமிடம் பிடிப்பது, மூன்று மணித்தியாலத்துக்குள் தொடங்கினால், ஒட்டு தேவைப்படும் ஆழத்துக்குக் காயம் செல்வதைக் குறைக்கும். பற்பசை, பட்டர், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணம் ஜாம்போத்தல் விளக்கில் படித்தது. தெற்கிலும் வறியவர் வீடுகளில் குப்பி விளக்குச் சரிந்து எரிந்தவர்கள் ஏராளம். சத்திரசிகிச்சையாளர் விஜய கொடகும்புர தட்டையான பக்கங்களும் திருகுமூடியும் கொண்ட, உருளாத கனத்த கண்ணாடி விளக்கை வடிவமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். ஒட்டத் தேவையில்லாத தோலே சிறந்த ஒட்டு என்பதை அந்தச் சிறு விளக்கு சொல்கிறது.

நமது அமைப்புகள் கோரக்கூடியவை மூன்று. எரிகாயம், சித்திரவதைக் காயம் உள்ள அகதியை ஒட்டு பிடித்து ஆறும்வரை இடம்மாற்றக்கூடாது. பரீட்சார்த்தச் சம்மதத்தை அகதி விண்ணப்பத்தோடு தொடர்பற்ற ஒருவர், குடும்பத்தவரல்லாத மொழிபெயர்ப்பாளருடன் பெறவேண்டும். மறுத்தாலும் வழமையான சிகிச்சை குறையாது என்பதைத் தாய்மொழியில் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்னான பதிவு நோயாளியின் உரிமையாக வேண்டும். இவை மூன்றும் ஆய்வுகூடத்தில் வளர்வன அல்ல. கோரினாலொழியக் கிடைப்பனவும் அல்ல.

கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது, அதற்கு இங்கே விடை தர முயலவில்லை. தழும்பே தெரியாத ஒட்டு ஒருநாள் வரும். அப்போது முதுகில் கம்பித் தழும்புள்ள நம்மவர் ஒருவர் அதை நீக்கிவிடக் கேட்டால், 'வரலாறு அழிந்துவிடும்' என்று தடுப்பவர்கள் நம்மிடையே இருப்பார்கள். ஒரு சமூகத்தின் ஞாபகத்தைத் தனியொருவரின் முதுகில் எவ்வளவு காலம் சுமத்தி வைக்கலாம்? இதுபற்றி மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதவேண்டும்.